புதுப்பிப்பு: கறுப்பு பேன்ட்டும் வெள்ளைப் பூனை முடியும்

ஆபீஸ் கிளம்புற நேரத்துல கறுப்பு பேன்ட் முழுக்க பூனை முடி, என்ன பண்றதுன்னு முன்னாடி கேட்டிருந்தேன். நீங்க சொன்னதுல எது வேலை செஞ்சுதுன்னு சொல்லிடறேன்.

ரப்பர் கையுறைதான் ஜெயிச்சது. லேசா ஈரமாக்கி, மேலேருந்து கீழே ஒரே பக்கமா இழுத்தா முடி திரி திரியா சுருண்டு வருது. அப்படியே கிள்ளி எடுத்துப் போட்டுடலாம். முன்னும் பின்னும் தேய்ச்சா திரும்பத் துணியிலேயே ஏறிக்கும். ஒட்டுற ரோலர் வாசல்ல அவசரத்துக்கு மட்டும்.

முடியைத் துவைக்கிறதுக்கு முன்னாடியே எடுத்துடணும். நனைஞ்சு நூலுக்குள்ள பின்னிக்கிட்டா காய்ஞ்சப்புறமும் லேசுல போகாது. துணி காயவைக்கிற ட்ரையர் இருக்கிறவங்க சூடில்லாம 10 நிமிஷம் சுத்தவிட்டு, வடிகட்டியில சேர்ந்ததை எடுத்துட்டு அப்புறம் துவைங்க.

கம்பளி, வெல்வெட் ரெண்டும் முடியை விடவே விடாது. நெருக்கமா நெய்த வழவழப்பான பருத்தி பரவாயில்ல. பாலியஸ்டர், காத்து வறண்டிருந்தா நிலைமின்சாரத்துல தானாவே இழுத்துக்கும்.

தினமும் சீவிவிடச் சொன்னவங்களுக்கு: சீவுறேன். முதுகு வரைக்கும் எங்க பூனை துரைக்குச் சம்மதம், வயித்துப் பக்கம் சீப்பு போனா கடிதான். பீரோவையும் சாத்தியே வைக்கிறேன். ஆனா துணி மடிக்கிற நேரம் பார்த்து அவன் அதுமேலேயே வந்து படுக்குறதைத் தடுக்க யார்கிட்டயாவது வழி இருந்தா சொல்லுங்க.