எல்.எல்.ஆர். வந்தாச்சு: வீட்டுக் காரில் அப்பாவோட பழகலாமா? டெஸ்ட்டுக்கு எப்படித் தயாராகுறது?

வைகைக்கரை_மீனா கேட்டது:

ஊர் மதுரை. கியர் பைக், கார் ரெண்டுக்கும் எல்.எல்.ஆர். (பழகுநர் லைசென்ஸ்) வந்தாச்சு. டிரைவிங் ஸ்கூலில் கார் வகுப்பு முடிஞ்சது. ஆனா அங்கே மாஸ்டர் காலடியிலும் கிளட்ச், பிரேக் இருக்கிறதால பாதி நேரம் வண்டியை ஓட்டுறது நானா அவரான்னே தெரியலை. அதனால டெஸ்ட் வரைக்கும் வீட்டுக் காரில் (2020 வேகன்ஆர், பெட்ரோல், மேனுவல் கியர்) அப்பாவைப் பக்கத்தில் உட்காரவெச்சுப் பழகலாம்னு இருக்கேன்.

இப்போதைக்குப் பிரச்சினைகள்: முதல் கியரில் எடுக்கும்போது அடிக்கடி ஆஃப் ஆகுது. கண்மாய்க்கரை ஏத்தத்தில் நிறுத்தி எடுத்தா வண்டி பின்னாடி உருளுது. எச் போடும்போது (கம்பம் நட்ட H வடிவப் பாதையில் முன்னும் பின்னும் ஓட்டும்போது) பின்பக்கம் சரியாப் போனாலும் முன்பக்கம் கம்பத்தில் இடிக்குது. இது போக, எதிரே ஒரு ஷேர் ஆட்டோ வந்தாலே அப்பா பதறி ஸ்டீயரிங்கைப் பிடிச்சு இழுக்கிறார். ரெட்டைப் பெடல் இல்லாத வண்டியில் பழகுறது சட்டப்படி சரியா? இடிச்சா இன்சூரன்ஸ் கிடைக்குமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

விதிப்புத்தகம்:

சட்டப்படி சரிதான். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 3 கேட்பது இவ்வளவுதான்: செல்லுபடியாகும் எல்.எல்.ஆர். இருக்க வேண்டும், அந்த வகை வண்டியை ஓட்ட நடப்பில் உள்ள லைசென்ஸ் வைத்திருப்பவர் பக்கத்தில், வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், முன்னும் பின்னும் எல் போர்டு வேண்டும். ரெட்டைப் பெடல் டிரைவிங் ஸ்கூல் வண்டிக்குத்தான் கட்டாயம்.

எல் போர்டுக்கும் அளவு உண்டு. வெள்ளைப் பின்னணியில் சிவப்பு எழுத்து. பலகை 18 செ.மீ. சதுரத்துக்குக் குறையக்கூடாது, எழுத்து 10 செ.மீ. உயரம், 2 செ.மீ. தடிமன், அடியில் 9 செ.மீ. அகலம் இருக்க வேண்டும். கடையில் விற்கிற உள்ளங்கை அளவு ஸ்டிக்கர் இதில் தேறாது. வீட்டிலேயே அட்டையில் வெட்டி ஒட்டிக்கொள்ளலாம்.

இன்சூரன்ஸ் பாலிசியில் ‘டிரைவர்’ என்ற பகுதியைப் படியுங்கள். எல்.எல்.ஆர். வைத்திருப்பவரும் ஓட்டலாம், ஆனால் விதி 3-ஐக் கடைப்பிடித்திருக்க வேண்டும் என்று இருக்கும். எல் போர்டு இல்லாமல், அல்லது லைசென்ஸ் இல்லாத ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டி இடித்தால், கம்பெனிக்கு அதுவே காரணம் ஆகிவிடும். காலி மனைப் பிரிவுதானே என்று எல்.எல்.ஆரை வீட்டில் வைத்துவிட்டுப் போகவேண்டாம். பொதுமக்கள் வந்துபோகிற இடம் எல்லாமே பொது இடம்தான்.

பைக்குக்கு ஒரு வரி: கற்றுத்தருபவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக்கூடாது.

தேதிக் கணக்கு: எல்.எல்.ஆர். கிடைத்து 30 நாள் முடிந்த பிறகே டெஸ்ட்டுக்குப் போகலாம். எல்.எல்.ஆருக்கு ஆயுள் 6 மாதம். ஐந்தாம் மாதம் வரை தள்ளிப்போட்டால், ஒருமுறை ஃபெயில் ஆனாலே நெருக்கடி.

பாதி_கிளட்ச்:

ஆஃப் ஆகறதுக்கு முக்கால்வாசிக் காரணம், கிளட்ச் பிடிக்கிற இடம் வந்ததும் காலை அப்படியே எடுத்துடறதுதானுங்க. அந்த இடத்துல காலை ரெண்டு செகண்ட் நிறுத்தோணும். எப்படித் தெரியும்னா, இன்ஜின் சத்தம் ஒரு படி இறங்கும், பானெட் லேசா தூக்கும், ஸ்டீயரிங்கில் ஒரு அதிர்வு வரும்.

முதல் நாள் ஆக்சிலரேட்டரைத் தொடவே வேண்டாம். சமதளம், ஏசி ஆஃப், வலது கால் பிரேக்கில். முதல் கியர் போட்டு, கிளட்ச்சை அந்த இடம் வரை விட்டு, பிரேக்கை விடுங்க. பெட்ரோல் வண்டி ஐடிலிங்லயே நகரும். பத்தடி போனதும் கிளட்ச், பிரேக், நிறுத்தல். இதையே கால் சலிக்கிற வரைக்கும் செய்யுங்க. பார்க்கறவங்களுக்குச் சிரிப்பா இருக்கும், ஆனா எச், மேடு, டிராஃபிக்ல ஊர்றது எல்லாத்துக்கும் அடிப்படை இதுதான். இது கைவந்த பிறகு ஏசி போட்டுச் செஞ்சு பாருங்க. இன்ஜினுக்குச் சுமை கூடறதால கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கேக்கும்.

கிளட்ச் சரியா விட்டும் ஆஃப் ஆனா வேற ரெண்டு இடத்தைப் பாருங்க. ஹேண்ட்பிரேக் முழுசா இறங்கியிருக்காது, மீட்டரில் சிவப்பு விளக்கு எரிஞ்சிட்டிருக்கும். இல்லைன்னா ஒண்ணாம் கியருக்குப் பதிலா மூணு விழுந்திருக்கும். ரெண்டும் மேலே பக்கத்துப் பக்கத்துல இருக்கறதால புதுசா ஓட்டறவங்களுக்கு இது சகஜம். ஒண்ணு போடும்போது உள்ளங்கை அப்பா பக்கம் பார்க்கற மாதிரி கியர் ராடைப் பிடிச்சு, அந்தப் பக்கம் தள்ளி மேலே போடுங்க. மூணுக்கு உள்ளங்கையால சும்மா நேரா மேலே தள்ளினாப் போதும், ராட் தானா நடுவுக்கு வந்துரும்.

நிறுத்தும்போது பல பேர் கிளட்ச்சையும் பிரேக்கையும் சேர்த்து மிதிக்கறாங்க. கிளட்ச் மிதிச்ச நிமிஷமே இன்ஜின் இழுத்துப் பிடிக்கறது போயிரும், வண்டி வழுக்கிட்டு நீளமா ஓடும். முதல்ல பிரேக். வேகம் 10, 15-க்கு இறங்கின பிறகு கிளட்ச். திடீர்னு ஆள் குறுக்கே வந்தா மட்டும் ரெண்டையும் ஒண்ணா அமுத்துங்க, ஆஃப் ஆனாலும் பரவாயில்லை.

மேட்டுக்கு ஹேண்ட்பிரேக் முறைதான். ஹேண்ட்பிரேக் தூக்கி, ஒண்ணாம் கியர் போட்டு, சமதளத்துக்குக் குடுக்கறதைவிடக் கொஞ்சம் கூட ஆக்சிலரேட்டர் குடுத்துச் சத்தத்தை ஒரே சீரா வெச்சுக்கங்க. கிளட்ச்சை மெதுவா விட்டா வண்டியோட பின்பக்கம் லேசா அமுங்கும். அங்கே காலை நிறுத்தி, பட்டனை அமுக்கி ஹேண்ட்பிரேக்கை இறக்குங்க. அப்ப வண்டி முன்னாலயும் போகாது, பின்னாலயும் போகாது, அந்தரத்துல நிக்கும். அதுக்கப்புறம் ஆக்சிலரேட்டரைக் கூட்டினா ஏறிரும். உங்க வண்டி உருள்றதுக்குக் காரணம், கிளட்ச் பிடிக்கறதுக்கு முன்னாடியே பிரேக்கை விட்டுடறீங்க.

பழகும்போது பின்சக்கரத்துக்கு அரையடி பின்னால ஒரு முட்டுக்கல் போட்டு வைக்கலாம். ஆள் யாரும் வண்டிக்குப் பின்னால நிக்கவே கூடாது. கருகின வாசனை வந்தா கிளட்ச் பிளேட் தேயுதுன்னு அர்த்தம். நியூட்ரல்ல போட்டுக் கால் மணி நேரம் ஆறவிடுங்க.

அவசரம்_அண்ணாமலை:

இவ்வளவு எதுக்கு? கார்ல எச், பைக்ல எட்டு, ரெண்டும் போட்டா லைசென்ஸ். அதை மட்டும் பழகுங்க தங்கச்சி, ஒரே வாரத்துல முடிஞ்சிடும்.

இடதுபக்க_சீட்:

அண்ணாமலை அண்ணே, விதி 15-ல் இன்ஸ்பெக்டர் பார்க்க வேண்டியது என்று ஒரு நீளப் பட்டியலே இருக்கிறது. செங்குத்தான ஏற்றத்தில் நிறுத்திப் பின்னால் உருளாமல் எடுப்பது, கியரைப் படிப்படியாகக் கூட்டிக் குறைப்பது, கண்ணாடி பார்த்துவிட்டு சிக்னல் போடுவது, பாதசாரி கடக்கும் இடத்தில் நடந்துகொள்வது, அவசரத்தில் நிறுத்துவது, குறுகலான இடத்துக்குள் ரிவர்ஸ் எடுப்பது எல்லாம் அதில் உண்டு. சில ஊரில் எச் மட்டும் பார்ப்பார்கள், சில ஊரில் ரோட்டில் ஓட்டச் சொல்வார்கள். மீனா, உங்கள் ஆர்.டி.ஓ. மைதானத்தில் டெஸ்ட் நடக்கும் ஒரு காலையில் போய் நின்று பார்த்துவிடுங்கள்.

நான் சொல்ல வந்தது அப்பாவைப் பற்றி. வீட்டுக் காரில் பழகும்போது ஓட்டுபவரைவிட இடது சீட்காரர்தான் முதலில் பழக வேண்டும், அதை யாரும் செய்வதில்லை. அவர் கைக்கு எட்டுவது மூன்றே மூன்று: ஹேண்ட்பிரேக், கியர் ராட், ஸ்டீயரிங். இதில் ஸ்டீயரிங்தான் கடைசி. அவர் இழுக்கிற நேரம் நீங்கள் எதிர்ப்பக்கம் திருப்பினால் வண்டி எங்கே போகும் என்று இருவருக்கும் தெரியாது. அவர் தொட்டே ஆகவேண்டும் என்றால் ‘விடு’ என்று சொல்லிவிட்டுத் தொடட்டும். அந்தச் சொல் கேட்டதும் நீங்கள் கையை எடுத்துவிட வேண்டும்.

ஹேண்ட்பிரேக்கைப் பட்டனை அமுக்கியபடியே தூக்கப் பழகச் சொல்லுங்கள். அப்போதுதான் கூட்டவும் குறைக்கவும் முடியும். அது பின்சக்கரத்தை மட்டுமே பிடிக்கும்; 40-ல் போகும்போது ஒரேயடியாக இழுத்தால் பின்பக்கம் சறுக்கும். அதனால்தான் ஆரம்ப நாட்களில் 20-ஐத் தாண்டக்கூடாது. காலி ரோட்டில் 10 கி.மீ. வேகத்தில் நீங்கள் கிளட்ச்சை மட்டும் மிதித்துக்கொண்டிருக்க, அப்பா ஹேண்ட்பிரேக்கால் நிறுத்திப் பார்க்கட்டும். எத்தனை அடியில் நிற்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டால் பாதிப் பதற்றம் குறையும். வண்டி சீறினால் ராடைத் தட்டி நியூட்ரலுக்குக் கொண்டுவரலாம். ஓடும்போது சாவியைத் திருப்பி அணைக்க மட்டும் கூடாது; பவர் ஸ்டீயரிங் போய்விடும், பிரேக் பெடலும் சில மிதியில் கல்லாகிவிடும்.

பேச்சையும் முன்கூட்டியே ஒத்துக்கொள்ளுங்கள். ‘மெதுவா’ என்றால் ஆக்சிலரேட்டரை விடுவது, ‘நிறுத்து’ என்றால் கிளட்ச்சும் பிரேக்கும். ‘ஏய் ஏய் பாத்து’ என்பதை வைத்து எந்தக் காலும் எதுவும் செய்ய முடியாது. திருப்பத்தை ஐம்பது மீட்டர் முன்னாலேயே சொல்ல வேண்டும். ‘ரைட்’ என்று சொல்லவே வேண்டாம். போகலாம் என்று எடுத்துக்கொண்டு நேரே போய்விடுவீர்கள். தப்பைப் பற்றிய பேச்சு வண்டி ஓரம் நின்ற பிறகுதான்.

அப்பாவுக்குப் பின்னால் வருவது தெரிய, கண்ணாடியில் ஒட்டுகிற சின்ன மிரர் ஒன்று வாங்கி அவர் பக்கம் வையுங்கள். உங்கள் பக்கம் தளர்ந்த செருப்பு வேண்டாம், தரை மேட் நகராமல் கொக்கியில் மாட்டியிருக்கட்டும், தண்ணி பாட்டில் காலடியில் உருளக்கூடாது. வலது குதிகால் பிரேக்குக்கு நேரே தரையில் ஊன்றியிருக்கட்டும், ஆக்சிலரேட்டருக்கு நுனிக்காலை மட்டும் சாய்த்தால் போதும். மொத்தக் காலையும் தூக்கித் தூக்கி வைப்பவர்கள்தான் பதற்றத்தில் பிரேக்குக்குப் பதில் ஆக்சிலரேட்டரை மிதிக்கிறார்கள்.

இடம்: பிளாட் போட்ட இடத்துத் தார் ரோடு, விடிகாலை, முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். முதலில் நடந்தே ஒரு சுற்றுப் பாருங்கள். மனைக்கு நட்ட கல் முழங்கால் உயரம்கூட இருக்காது, சீட்டிலிருந்து தெரியாது, பம்பரைப் பெயர்த்துவிடும். சுற்றுச்சுவர் இல்லாத கிணறு இருந்தால் அந்த இடமே வேண்டாம். ரிங் ரோடு லாரிக்கூட்டத்துக்குள் நான்காம் கியர் வரை குனிந்து பார்க்காமல் மாற்ற வந்த பிறகு போகலாம்.

கம்பும்_கயிறும்:

எச்சுக்கு வருவோம். மீனா சொன்ன அறிகுறியே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. ரிவர்ஸில் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் திருப்பினால் பின்பக்கம் வலப்பக்கம் போகும், அதே நேரம் மூக்கு இடப்பக்கம் வெளியே வீசும். எல்லோரும் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருப்பதால் முன் இடது மூலை கம்பத்தைத் தட்டுகிறது. வலது பின்சக்கரத்தை ஒரு பார்வை, உடனே முன் இடது மூலையை ஒரு பார்வை என்று மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும்.

வரிசை: எச் எழுத்தின் இடது காலில், அதாவது இடப்பக்க நெட்டுக்கோட்டுப் பாதையில், நேரே மேலே போகிறீர்கள். அங்கிருந்து ரிவர்ஸ், வலது பின்சக்கரம் நடுக்கோட்டு மூலைக் கம்பத்தைத் தாண்டியதும் ஸ்டீயரிங் வலப்பக்கம் முழுக்க. வண்டி நடுக்கோட்டுக்குள் சாய்ந்து, பின்பக்கம் வலது காலின் கீழ்ப்பகுதியைப் பார்க்கத் தொடங்கும்போது இடப்பக்கம் திருப்பி, நேரானதும் சக்கரத்தையும் நேராக்கிக் கீழே வரை. பிறகு வலது காலில் நேரே மேலே. அங்கிருந்து அதே வேலை, பக்கம் மட்டும் மாறும். எல்லாமே ஆக்சிலரேட்டரைத் தொடாமல், பாதி கிளட்ச்சில், நடையைவிட மெதுவாக. நின்ற வண்டியில் ஸ்டீயரிங்கை முறுக்காதீர்கள், ஒரு சாண் நகரும்போதே திருப்புங்கள்.

ஸ்கூலில் ‘மூணாவது கம்பம் கண்ணாடியில் தெரிஞ்சதும் ஒண்ணரைச் சுத்து’ என்று மனப்பாடம் செய்யவைப்பார்கள். அது அந்த வண்டிக்கும் அந்த சீட் உயரத்துக்கும் மட்டும் பொருந்தும். வீட்டுக் காரில் அதே கணக்கைப் போட்டால் கம்பம் விழும்.

வீட்டில் பழக, காலி பெயிண்ட் வாளியில் மணல் நிரப்பி நாலடி பி.வி.சி. பைப்பை நட்டுக்கொள்ளுங்கள். செங்கல் வைத்தால் சீட்டிலிருந்து தெரியாது. உங்கள் வேகன்ஆர் 3655 மி.மீ. நீளம், 1620 மி.மீ. அகலம், பக்கக் கண்ணாடி தனி. முதலில் பாதை அகலத்தை ஒன்பது அடி வைத்துத் தொடங்கி, பிறகு ஆர்.டி.ஓ. மைதானத்தில் நடந்து அளந்த அளவுக்குக் குறையுங்கள். இடது, வலது கண்ணாடிகளைப் பின்சக்கரம் தெரிகிற மாதிரி கொஞ்சம் கீழே சாய்த்துக்கொள்ளலாம், வண்டி எடுப்பதற்கு முன்பே.

வைகைக்கரை_மீனா:

எல்லாருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். அப்பாவுக்கு வயசு 56. இப்பத்தான் அவர் லைசென்ஸை எடுத்துப் பார்த்தேன், நாலு மாசம் முன்னாடியே காலாவதி ஆகியிருக்கு. ரெனியூ ஆகுற வரைக்கும் பக்கத்தில் உட்காரலாமா? டெஸ்ட்டில் ஃபெயில் ஆனா எத்தனை நாள் காத்திருக்கணும்?

விதிப்புத்தகம்:

உட்காரக் கூடாது. நடப்பில் இல்லாத லைசென்ஸ் வைத்திருப்பவர் பக்கத்தில் இருந்தால் விதி 3 மீறப்பட்டதாகிவிடும், இன்சூரன்ஸும் அதோடு போகும். காலாவதிக்குப் பிறகு 30 நாள் சலுகை என்று முன்பு இருந்தது. 2019 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். அப்பாவும் இப்போது வண்டி எடுக்காமல் இருப்பது நல்லது.

காலாவதியாகி ஒரு வருடத்துக்குள் என்பதால் டெஸ்ட் இல்லாமலே ரெனியூ ஆகும். 40 வயதைத் தாண்டியவர் என்பதால் டாக்டர் கையெழுத்திட்ட படிவம் 1ஏ வேண்டும். 55-க்கு மேல் என்பதால் 5 வருடத்துக்குக் கிடைக்கும். சாரதி என்ற அரசு இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். அதுவரை சித்தப்பா, மாமா யாராவது உட்காரட்டும். அவர்கள் லைசென்ஸில் எல்.எம்.வி. (கார் போன்ற இலகுரக வண்டி) இருக்கிறதா என்று பாருங்கள், வெறும் பைக் லைசென்ஸ் செல்லாது.

ஃபெயில் ஆனால் 7 நாள் கழித்து மறுபடி போகலாம். மூன்று முறையும் ஃபெயில் ஆனால், கடைசி டெஸ்ட் தேதியிலிருந்து 60 நாள். டெஸ்ட்டுக்கு வீட்டுக் காரையே கொண்டுபோவதாக இருந்தால் ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் மூன்றின் தேதியையும் இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.