ரிவர் பிர்ச்: தமிழில் என்ன பெயர்? வெள்ளிக்குள் முடிவு வேண்டும்

செ.ந. எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். நியூ ஜெர்சியில் வீட்டு முற்றத்தில் நிழல்மரம் நடுவோருக்கான நான்கு பக்கத் துண்டறிக்கையின் தமிழ் வடிவம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மரம் அந்த மண்ணுக்கே உரிய ரிவர் பிர்ச். தாவரவியலில் பெட்டுலா நைக்ரா. நிழல்மரம், மூடாக்கு, கவாத்து ஆகியவற்றில் சிக்கல் இல்லை. சிக்கல் மூன்று சொற்களில்: மரத்தின் பெயர், தண்டு வேராக விரியும் இடமான ரூட் ஃப்ளேர், ஒரே அடியில் இரண்டு மூன்று தண்டுகளோடு விற்கும் கிளம்ப்.

பெயரில் ஏன் இவ்வளவு கவனம் என்றால், பிர்ச் என்றதும் எல்லாரும் படத்தில் பார்த்த வெள்ளைப் பட்டை மரத்தைத்தான் கேட்டு வாங்குகிறார்கள். அந்த ஐரோப்பிய மரம் கீழ்நிலத்து வெயிலில் தளர்ந்துபோகும். தளர்ந்த மரத்தைத் தேடி வருவது ப்ரான்ஸ் (வெண்கல) பிர்ச் போரர் என்னும் துளைப்பான் வண்டு. அதன் புழு பட்டைக்கடியில் நெளிந்து நெளிந்து அரிக்கும். முதலில் உச்சிக் கிளை காயும், பிறகு பட்டையில் அரைவட்டத் துளைகள் தெரியும். துளை கண்ணில் படும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். ரிவர் பிர்ச் இந்த வண்டுக்கு நன்றாக ஈடுகொடுக்கிறது. நாம் வைக்கும் பெயர் ஒருவரை வெள்ளை மரத்தின் பக்கம் அனுப்பிவிடக் கூடாது.

இரா.மு. எழுதியது:

புதிதாக ஆக்க வேண்டியதில்லை. இமயத்தில் வளரும் இந்த இனத்து மரத்துக்கு வடமொழியில் பூர்ஜம் என்று பெயர். காஷ்மீரத்தில் முற்காலத்தில் அதன் பட்டையே ஏடு. பக்சாலிக் கணிதச் சுவடி அதில் எழுதப்பட்டதுதான். தமிழ் எழுத்துக்குக் கொண்டுவந்தால் பூர்ச்சம். அர்ஜுனன் அருச்சுனன் ஆனபோது இடையில் ஓர் உகரம் தேவைப்பட்டது. இங்கே அதுவும் வேண்டாம். தொல்காப்பியம் மொழிமரபில் ‘ரகார ழகாரம் குற்றொற்று ஆகா’ என்கிறது. தனிக்குறிலை அடுத்து ரகர ஒற்று வராது. ஆகவே ‘பிர்ச்’ தமிழ்ச்சொல் ஆகாது, ‘பிர்ச்சு’ என்று உகரம் சேர்த்தாலும் ஆகாது. பூர்ச்சத்தில் ரகரத்துக்கு முன் நெடில் நிற்பதால் இலக்கணம் இடம் தருகிறது. ஆங்கில பிர்ச், ருசிய பெரியோசா, வடமொழி பூர்ஜம் மூன்றும் ஒரே வேரின் கிளைகள். ஆற்றோரம் வளர்வதால் ‘ஆற்றுப் பூர்ச்சம்’ என்பேன்.

த.பொ. எழுதியது:

ஐயா சொன்ன அந்த வேரை இன்னும் ஒரு படி தோண்டினால் கிடைக்கும் பொருள் ‘வெளிறி ஒளிர்வது’. எந்த வெண்மையிலிருந்து மக்களை விலக்க வேண்டும் என்று செ.ந. கேட்கிறாரோ, அதையே பெயருக்குள் வைக்கிறோம். நைக்ரா என்றால் கரியது. வெள்ளை வேர்ச்சொல்லில் கரிய அடைமொழி! அதிலும் இது வடசொல்.

நம்மிடம் ‘உரி’ இருக்கிறது. கரியுரி என்றால் யானைத்தோல். பாம்புரி பாம்பின் சட்டை. மரவுரி மரப்பட்டை ஆடை. இந்த மரத்தின் அடையாளமே உரிதல்தான். இளம் தண்டில் பட்டை இலவங்கப்பட்டை நிறத்தில் தாள்தாளாகச் சுருண்டு தொங்கும். முதிர்ந்தபின் கருத்துத் தடித்துப் பாளம் பாளமாக வெடிக்கும். சங்கப் புலவர்கள் ‘பொரியரை’ என்பது அப்படிப்பட்ட அடிமரத்தைத்தான். என் முன்மொழிவு ‘ஆற்றுரி’. மரவுரி என்ற சொல்லே முதலில் இமயத்து மரத்தின் பட்டையைக் குறித்திருக்கலாமோ என்பதும் ஆராயத்தக்கது. உரி, உருவு, உரு ஆகிய மூன்றையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால்…

(செ.ந.வின் இடைக்குறிப்பு: உரு, உருவு பற்றி நீண்ட மீதிப் பகுதியைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். பொறுத்தருள்க.)

ம.செ. எழுதியது:

ஆற்றங்கரை, உரியும் பட்டை, பெரிய நிழல் மூன்றும் சேர்ந்தது நம் மருதமரம். வையைக் கரையின் திருமருத முன்துறை சங்கப்பாட்டிலேயே இருக்கிறது. நீர்மருது என்றும் சொல்கிறோம். ‘அமெரிக்க மருது’ என்றால் படிப்பவருக்கு மரம் உடனே மனத்தில் எழும்.

வ.க. எழுதியது:

எழும் மரம் வேறு மரம் என்பதுதான் சிக்கல், ம.செ. அம்மா. மருது வேறு குடும்பம். தோற்ற ஒற்றுமையை வைத்துப் பெயரிட்டால் வளர்ப்பு முறையும் ஒன்றே என்று எண்ணிவிடுவார்கள். ‘ஆற்றுரி’யில் வேறொரு கேடு உண்டு. உரிப்பதற்கான மரம் என்று தோன்றும். தானே கழன்று தொங்கும் தாளைத் தொட்டால் தவறில்லை. ஒட்டியிருப்பதை இழுத்தால் உள்ளே உயிருள்ள பட்டை கிழிந்து புண்ணாகும். உரிவதைப் பார்த்து நோய் என்று பயந்து மருந்து தெளிப்பவர்களும் உண்டு.

‘ஆற்று’ என்ற அடையும் விளக்கம் இல்லாமல் நிற்கக் கூடாது. ஆறு வேண்டாம், ஆனால் மண் காயவே கூடாது. வறண்டால் கோடை நடுவிலேயே உள்பக்க இலைகள் மஞ்சளித்துக் கொட்டும். நட்ட முதல் இரண்டு கோடைக்கு, தண்டு 5 செ.மீ. விட்டம் என்றால் ஒரு தடவைக்கு 75 லிட்டர் அளவில், மெல்ல ஊறும்படி விடவேண்டும். மண்ணின் கார அமிலக் குறியீடு 6.5க்கு மேல் போனால் வேரால் இரும்பை எடுக்க முடியாது. நரம்பு பச்சையாக இருக்க இலை வெளுக்கும். கான்கிரீட் பாதையை ஒட்டி நட்ட மரத்தில் இதைப் பார்க்கலாம், சிமெண்டின் சுண்ணாம்பு மண்ணில் இறங்குவதால். அங்கே உரம் போட்டுப் பயனில்லை. நடும் முன்பே இடத்தை மாற்ற வேண்டும். 15 முதல் 20 மீட்டர் உயரமும் ஏறக்குறைய அதே அகலமும் வரக்கூடிய மரம், சுவரிலிருந்து 6 மீட்டராவது தள்ளி நிற்கட்டும்.

பெயரைப் பற்றி ஒன்றுதான் சொல்வேன். நாற்றுப்பண்ணைச் சீட்டில் ‘ரிவர் பிர்ச்’ என்றுதான் இருக்கும். அந்த இரண்டு சொல் துண்டறிக்கையில் இல்லாவிட்டால் வேறு எந்தச் சொல்லும் உதவாது.

இரா.மு. எழுதியது:

வ.க. சொல்வதை ஏற்கிறேன், ஆனால் ஒலிபெயர்ப்பு கலைச்சொல்லுக்குத் துணையாக நிற்கலாம், மாற்றாக நிற்கலாகாது. த.பொ.வுக்கு ஒரு சொல். வேர்ப்பொருள் வெண்மை என்பதால் பெயர் பொய்யாகிவிடாது. நல்லெண்ணெய் என்றால் எள்ளெண்ணெய் என்று எடுத்துக்கொள்கிறோமே தவிர மற்ற எண்ணெயெல்லாம் தீயது என்று யாரும் எண்ணுவதில்லை.

செ.ந. எழுதியது:

மற்ற இரண்டு சொற்கள் அப்படியே நிற்கின்றன. இன்று புதன்.

வ.க. எழுதியது:

ரூட் ஃப்ளேருக்குத் ‘தூர்’ போதும். மரத்தின் அடியைத் தூர் என்பது ஊர்வழக்கு.

த.பொ. எழுதியது:

தூர் என்றால் நெல்லிலும் மூங்கிலிலும் ஒரே அடியிலிருந்து வெடிக்கும் கூட்டமும் அதுவே. அது கிளம்புக்குத்தான் பொருந்தும். ‘மூன்று தண்டுத் தூர்’ என்றால் எந்த உழவருக்கும் புரியும். ரூட் ஃப்ளேருக்கு ‘வேர்க்கழுத்து’.

வ.க. எழுதியது:

கழுத்து என்றால் ஒடுங்கும் இடம். இது அகலும் இடம். கழுத்து என்று படித்தவர் மண்ணைக் கழுத்துவரை ஏற்றிவிடுவார், அதோடு மரம் போயிற்று. புதைந்த தண்டுப் பட்டை ஈரத்தில் அழுகும். வேர்கள் மேலேறித் தண்டையே சுற்றி இறுக்கும். தொட்டியில் வரும் கன்றிலேயே மேல்மண் ஏறியிருக்கும். அதை வழித்து, விரிவு கண்ணுக்குத் தெரிந்தபின்தான் குழியின் ஆழத்தை அளக்க வேண்டும். குழியின் அகலம் வேர்க்கட்டியைப் போல் இரண்டு மூன்று மடங்கு, ஆழம் மட்டும் வேர்க்கட்டியின் உயரம், ஒரு விரற்கடை கூடவே கூடாது. மூடாக்கு 5 முதல் 8 செ.மீ., தண்டைத் தொடாமல். ஆகவே ‘வேரடி விரிவு’ என்று வைப்போம்.

கிளம்ப் பற்றி த.பொ. சொன்ன ‘தூர்’ எனக்குச் சம்மதம். பல பண்ணைகளில் மூன்று நாற்றுகளை ஒரே தொட்டியில் வைத்து வளர்த்ததே இப்படி விற்கிறது. தண்டுகள் குறுகலாக நெருங்கும் இடத்தில் பட்டை உள்மடிந்து சிக்கும். பனிக்கட்டி ஏறிய குளிர்காலத்தில் அங்கேதான் பிளக்கும். நடந்துபோக நிழல் வேண்டுமென்றால் ஒற்றைத் தண்டே நல்லது.

செ.ந. எழுதியது:

ஆறு பேர் தனிமடலில் ‘ஆற்றுப் பூர்ச்சம்’ என்றார்கள், இருவர் ‘ஆற்றுரி’, ஒருவர் ‘ரிவர் பிர்ச்’ மட்டும். தலைப்பில் ‘ஆற்றுப் பூர்ச்சம்’, அதன் கீழே ‘பண்ணையில் ரிவர் பிர்ச் என்று கேளுங்கள், வெள்ளைப் பட்டை மரம் இதுவல்ல’ என்ற வரி. ‘வேரடி விரிவு’, ‘தூர்’ இரண்டும் உறுதி. நாளை காலை அனுப்புகிறேன்.

த.பொ. எழுதியது:

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அடுத்த பதிப்பில் ‘உரி’யை மீண்டும் எழுப்புவேன். இப்போதைக்கு ஒரே திருத்தம்: மூன்றாம் பக்கத்தில் கவாத்து ‘இளவேனில் தொடக்கத்தில்’ என்றிருக்கிறது. அப்போது வெட்டினால் சாறு வடிந்துகொண்டே இருக்கும். இலை முதிர்ந்த பின், கோடைக் கடைசி என்று மாற்றுங்கள்.