பேசில் ஒற்றைக் குச்சியாக வளர்ந்து பூக்கிறது: நுனி கிள்ளினால் போதுமா?

கேள்வி:
10 அங்குலத் தொட்டியில் விதை தூவி வளர்த்த பேசில் (திருநீற்றுப்பச்சை). 12 நாற்றுகள், வயது 7 வாரம். எல்லாம் ஒரு அடி உயரத்துக்கு ஒரே தண்டாகப் போகின்றன, கிளையே இல்லை. நுனியில் மொட்டு வந்துவிட்டது, அடி இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. தினம் இரண்டு வேளை தண்ணீர். தேவைப்படும்போது, செடியின் கீழே இருக்கும் பெரிய இலைகளைப் பறிப்பது வழக்கம். மொட்டைக் கிள்ளினால் சரியாகுமா?

பதில் 1:
மொட்டை மட்டும் கிள்ளினால் பக்கத்திலேயே இன்னொரு மொட்டு வரும். அதற்குக் கீழே இரண்டு கணு தள்ளி வெட்டுங்கள். பேசிலில் இலைகள் எதிரெதிராக, ஜோடி ஜோடியாக இருக்கும். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கை உற்றுப் பாருங்கள், கடுகளவில் குட்டி இலைகள் மடங்கிக் கிடக்கும். அடுத்த கிளை அதுதான். நுனி இருக்கும்வரை அது எழும்பாது. நுனியை எடுத்ததும் இரண்டு பக்கமும் கிளம்பும். வெட்டு அந்த இடுக்குக்கு அரை செ.மீ. மேலே விழ வேண்டும்.

புதுக் கிளையில் மூன்று ஜோடி இலை வந்ததும் அதையும் இப்படியே வெட்டுங்கள். ஒரு தடவையில் செடியின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம்.

கீழ் இலைகளைப் பறிப்பதை இன்றே நிறுத்துங்கள். செடிக்குச் சோறு போடுவதே அந்தப் பெரிய இலைகள்தான். அறுவடை எப்போதும் மேலிருந்து. அடுத்த முறை 6 அங்குல உயரத்திலேயே முதல் வெட்டு போட்டுவிடுங்கள், 7 வாரம் காத்திருப்பது தாமதம்.

பதில் 2:
வெட்டுவது சரி, ஆனால் 12 நாற்று அந்தத் தொட்டிக்கு மிக அதிகம். வெளிச்சத்துக்குப் போட்டி போட்டுத்தான் நெட்டையாகப் போகின்றன. நல்ல மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மண்மட்டத்தில் கத்தரியுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் அறும். கத்தரித்ததில் மொட்டு இல்லாத 4 அங்குலத் துண்டு கிடைத்தால், கீழ் இலைகளை நீக்கிவிட்டுத் தண்ணீரில் நிறுத்துங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் வேர் விடும்.

இரண்டு வேளை தண்ணீர் என்று கணக்கு வைக்காதீர்கள். விரலை ஒரு அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் மட்டும் அடித்துளையில் வழியும்வரை ஊற்றுங்கள். மண் எப்போதும் சொதசொதவென்று இருந்தால் வேருக்குக் காற்று போகாது, அடி இலை மஞ்சளாகும். தொட்டிக் கலவைக்குத் தோட்ட மண் இரண்டு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு போதும். உரத்தை அள்ளிப் போட்டால் இலை பெருக்கும், மணம் குறையும். வெயில் குறைந்தது 6 மணி நேரம் வேண்டும்.

பதில் 3:
மஞ்சள் என்றதும் தண்ணீர்தான் காரணம் என்று முடிவு கட்டும் முன், காலையில் இலையைத் திருப்பிப் பாருங்கள். நரம்புகளுக்கு இடையே கட்டம் கட்டமாக மஞ்சளும், அடியில் சாம்பலும் ஊதாவும் கலந்த தூளும் இருந்தால் அது அடிச்சாம்பல் நோய். சத்துக் குறை என்று நினைத்து உரம் போட்டுக்கொண்டே இருப்பார்கள், அதற்குள் பக்கத்துச் செடிக்கும் பரவிவிடும். அப்படியானால் செடியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள், கம்போஸ்டில் போடாதீர்கள். இலை இரவில் ஈரமாக இருப்பதே இதற்கு வசதி. அதனால் தண்ணீர் காலையில், வேரடியில் மட்டும்.

கேட்டவர்:
தூள் எதுவும் இல்லை. தண்டின் அடி மட்டும் பழுப்பாகி, கட்டைபோல இருக்கிறது. வெட்டினால் துளிர்க்குமா?

பதில் 1:
அடி கட்டையாவது வயதால், பயப்பட வேண்டாம். வெட்டுக்குக் கீழே பச்சை இலையோடு இரண்டு ஜோடியாவது விட்டுவிடுங்கள். இலையில்லாத கட்டைவரை வெட்டினால் பெரும்பாலும் துளிர்க்காது. மண் ஈரமாக இருந்தும் செடி வாடி, தண்டில் நீளப் பழுப்புக் கோடு ஓடினால் மட்டும் அது ஃபியூசேரியம் வாடல், மண்ணில் தங்கும் பூஞ்சையால் வரும் நோய். அந்த மண்ணில் மறுபடி பேசில் வைக்காதீர்கள்.