டாப்ஸ் தீர்ப்புக்குப் பிறகும் மாநில நீதிபதிகள் கருக்கலைப்புத் தடையை எப்படி ரத்து செய்கிறார்கள்?

சட்டமாணவி:
2022 ஜூன் 24 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் டாப்ஸ் வழக்கில், கருக்கலைப்பை அரசமைப்பு உரிமையாக ஏற்றிருந்த 1973ஆம் ஆண்டின் ரோ தீர்ப்பை நீக்கி, கருக்கலைப்பைப் பற்றிச் சட்டம் இயற்றும் பொறுப்பை மாநிலங்களிடம் விட்டுவிட்டது. அதன் பிறகும் சில மாநிலங்களில் நீதிபதிகள் தடைச் சட்டங்களைச் செல்லாது என்று அறிவித்திருக்கிறார்கள். உச்ச நீதிமன்றமே இல்லை என்ற உரிமையை அதற்குக் கீழ் உள்ள நீதிமன்றம் உண்டு என்று சொல்வது எப்படி?

பழைய_வழக்கறிஞர்:
"கீழ் உள்ள" என்ற சொல்லில்தான் குழப்பம் இருக்கிறது. டாப்ஸ் பேசியது கூட்டாட்சி அரசமைப்பைப் பற்றி மட்டுமே. ஒவ்வொரு மாநிலத்துக்கும் சொந்த அரசமைப்பு உண்டு; அதற்குப் பொருள் கூறுவதில் அந்த மாநில உச்ச நீதிமன்றத்தின் சொல்லே முடிவானது. கான்சஸ் நீதிமன்றம் 2019இலேயே, தன் மாநில உரிமைப் பட்டியலின் முதல் பிரிவு கூறும் இயற்கை உரிமைகளில் ஒரு பெண் தன் உடலைப் பற்றித் தானே முடிவெடுப்பதும் அடங்கும் என்று தீர்ப்பளித்துவிட்டது. அடிப்படை கான்சஸ் அரசமைப்பாக இருந்ததால் டாப்ஸ் அதைத் தொடவில்லை. அந்தத் தீர்ப்பை முறியடிக்கக் கொண்டுவந்த திருத்தத்தை 2022 ஆகஸ்டில் வாக்காளர்களில் சுமார் 59 விழுக்காட்டினர் நிராகரித்தார்கள்.

மாற்றுக்கருத்து:
கருக்கலைப்பு என்ற சொல்லே இல்லாத 1859ஆம் ஆண்டு வாசகத்திலிருந்து இந்த உரிமையை வருவிப்பது, பொருள் கூறுவதா, புதிதாக எழுதுவதா? உரிமை வேண்டுமென்றால் மக்களே எழுதட்டும். 2022 நவம்பரில் மிச்சிகன் வாக்காளர்கள் அப்படித்தான் செய்தார்கள்.

பழைய_வழக்கறிஞர்:
வாசகம் வெளிப்படையாக இருந்தாலும் காப்பு உறுதியில்லை என்பதே என் கவலை. தென் கரோலைனா அரசமைப்பில் அந்தரங்க உரிமை எழுத்திலேயே இருக்கிறது. அதை வைத்து 2023 ஜனவரியில், கர்ப்பத்தின் ஏறக்குறைய ஆறாவது வாரத்துக்குப் பிறகு கருக்கலைப்பைத் தடுக்கும் ஆறு வாரத் தடை 3-2 என்ற கணக்கில் ரத்தானது. முதன்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி கே ஹெர்ன் வயது வரம்பால் ஓய்வு பெற்றார். அங்கே நீதிபதிகளைத் தேர்ந்தெடுப்பது சட்டமன்றமே. ஏறக்குறைய அதே தடை மீண்டும் இயற்றப்பட்டு, ஆகஸ்டில் 4-1 என்று நிலைத்தது. ஏழு மாதங்களில் அரசமைப்பின் ஓர் எழுத்தும் மாறவில்லை.

சட்டமாணவி:
அப்படியானால் வாக்கெடுப்புதான் உறுதியான வழியா?

பழைய_வழக்கறிஞர்:
ஃபுளோரிடாவைப் பாருங்கள். 1980இல் மக்கள் சேர்த்த அந்தரங்க உரிமைப் பிரிவு கருக்கலைப்பையும் காக்கும் என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 1989இல் கூறியது. 2024 ஏப்ரல் 1 அன்று அதே நீதிமன்றம் அந்த நிலைப்பாட்டைக் கைவிட்டதால், மே மாதம் ஆறு வாரத் தடை நடைமுறைக்கு வந்தது. அதே நாளில், உரிமையை வெளிப்படையாக எழுதும் திருத்தத்தை வாக்குச்சீட்டில் சேர்க்கவும் நீதிமன்றம் அனுமதித்தது. நவம்பரில் அதற்கு ஆதரவாக வாக்களித்தவர்கள் சுமார் 57 விழுக்காடு. மிச்சிகனில் பாதிக்கு மேல் பெற்றாலே போதும்; ஃபுளோரிடாவில் திருத்தம் நிறைவேற 60 வேண்டும்.