பிரிட்ஜ் போட்டும் விஎம்முக்கு நெட் வரவில்லை, அவசரம்

திருப்பாலைப் பையன்: வீட்டு டெஸ்க்டாப்பில் கேவிஎம் (ஒரே கணினிக்குள் விஎம் எனும் மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்) போட்டு, அவற்றை வீட்டு நெட்வொர்க்கில் நேரடியாகச் சேர்க்க பிஆர்0 என்று பிரிட்ஜ் வைத்திருக்கிறேன். போன வாரம் வரை விஎம் எல்லாம் ரூட்டரிடமே ஐபி வாங்கின. இப்போது ஒன்றுக்கும் வரவில்லை. ஹோஸ்ட்டில், அதாவது டெஸ்க்டாப்பில், நெட் இருக்கு. ராத்திரிக்குள் முடிக்கணும், சீக்கிரம் சொல்லுங்க.

வைகைக்கரை: என்ன ஓஎஸ்? கேபிளா, வைஃபையா? ஹோஸ்ட்டின் ஐபி பிஆர்0 மேல் இருக்கா, நெட்வொர்க் கார்டு மேலா?

ஜிகர்தண்டா: வைஃபையாகத்தான் இருக்கும். தன்னோடு இணைந்த மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) தவிர வேறு முகவரியில் வரும் ஃபிரேமை (தரவுத் துண்டை) வைஃபை ஆக்சஸ் பாயின்ட் சேர்க்காது. நாட் (விஎம்கள் ஹோஸ்ட்டின் ஐபியையே பகிர்ந்துகொள்வது) போட்டுட்டு வேலையைப் பாருங்க தம்பி.

திருப்பாலைப் பையன்: உபுன்டு. கேபிள்தான். ஐபி பிஆர்0 மேல்.

லினக்ஸ் அண்ணாச்சி: தினம் ஒருத்தர் இப்படி வந்து நிற்கிறார். கட்டளை வெளியீடு எதையும் ஒட்டாமல் ஜோசியமா பார்க்கச் சொல்றீங்க? எஸ்டிபி (பிரிட்ஜில் வளையம் உண்டாகாமல் தடுக்கும் முறை) ஆன் பண்ணியிருப்பீங்க. பாக்கெட்டை அனுப்பத் தொடங்கும் முன் காத்திருக்கும் ஃபார்வர்டு டிலே 15 விநாடி, இரண்டு கட்டத்துக்கும் 30. அதற்குள் டிஹெச்சிபி (ரூட்டரிடம் ஐபி கேட்டு வாங்கும் முறை) கைவிட்டிருக்கும்.

மேலமாசி வீதி: போன வாரம் வரை ஓடியது என்கிறாரே அண்ணாச்சி. தம்பி, விஎம்முக்குக் கையால் ஐபி கொடுத்து ரூட்டருக்கு பிங் அடிங்க. அப்புறம் ஏஆர்பி பட்டியலை (எந்த ஐபிக்கு எந்த மேக் என்பது) பாருங்க.

திருப்பாலைப் பையன்: பிங் போகலை. ஆனால் பட்டியலில் ரூட்டரின் மேக் வருது.

மேலமாசி வீதி: அப்போ பிரிட்ஜ் சரி. ஏஆர்பி போய் ஐபி பாக்கெட் மட்டும் நின்றால், தடுப்பது லினக்ஸின் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸ்தான். புதுசா டாக்கர் (மென்பொருளைக் கண்டெய்னர் எனும் தனித்தனி உறைகளில் ஓட்டும் கருவி) போட்டீங்களா?

திருப்பாலைப் பையன்: ஆமா, ஞாயிற்றுக்கிழமை. அதுக்கும் இதுக்கும் என்னண்ணே?

மேலமாசி வீதி: 2017இல் வந்த 1.13 முதல் டாக்கர் ஐபிடேபிள்ஸின் ஃபார்வர்டு செயினின் (கடந்துபோகும் பாக்கெட்டுக்கான விதிப்பட்டியலின்) பாலிசியை டிராப், அதாவது விதி இல்லாததைத் தடு, என்று ஆக்கிவிடும். பிரிட்ஜ் பாக்கெட்டை ஐபிடேபிள்ஸிடம் அனுப்பும் பிஆர்-நெட்ஃபில்டர் மாட்யூலும் ஏறியிருந்தால், பிரிட்ஜுக்குள்ளேயே போகும் பாக்கெட்டும் அதில் மாட்டும். நம் சொந்த விதிகளுக்கான டாக்கர்-யூசர் செயினில் பிஆர்0 வழியே வந்து பிஆர்0 வழியே போவதற்கு அக்செப்ட் என்று ஒரு விதி போடுங்க.

ஜிகர்தண்டா: எதுக்குச் சுத்தி வளைச்சு? அப்படி அனுப்புவதற்கான பிரிட்ஜ்-என்எஃப்-கால்-ஐபிடேபிள்ஸ் அமைப்பை 0 ஆக்கினால் முடிஞ்சது.

லினக்ஸ் அண்ணாச்சி: கண்டெய்னர்களுக்கு இடையே தடுப்பு வைத்திருந்தால் அதுவும் சேர்ந்து போகும். டாக்கரை ஹோஸ்ட்டில் போடுவதே தப்பு. விஎம்முக்குள் போடணும்.

ஜிகர்தண்டா: 8 ஜிபி ராமில் விஎம்முக்குள் டாக்கரா? எல்லார் வீட்டிலும் உங்களை மாதிரி சர்வர் ரேக் இருக்குமா?

லினக்ஸ் அண்ணாச்சி: ராம் இல்லையென்றால் ஹோம் லேப் எதுக்கு?

திருப்பாலைப் பையன்: டாக்கர்-யூசர் விதி போட்டேன், வந்திருச்சு. நன்றிண்ணே.

வைகைக்கரை: விதியைச் சேமிச்சீங்களா? மதுரையில் கரண்ட் ஒரு தடவை போய் வந்தால் காணாமல் போயிடும்.

ஜிகர்தண்டா: இன்வெர்ட்டர் இருந்தால் போதும்.

லினக்ஸ் அண்ணாச்சி: யூபிஎஸ்ஸுக்கும் இன்வெர்ட்டருக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள்தான் இங்கே பதில் சொல்கிறார்கள்.