கூட்டமாகப் பிரிந்து போவதற்கு ஒரு சொல்: "கிளைப்பெயர்வு" சரிவருமா?

வணக்கம்.

பற்றீரியா, தேனீ போன்ற உயிர்கள் பிறந்த இடத்தை விட்டுத் தனித்தனியாக அல்லாமல் கூட்டமாகப் பிரிந்து போவதற்குத் தமிழில் என்ன சொல்வது என்பதுதான் கேள்வி. அதற்கு அக்கா சொன்ன "கூட்டுப் பரம்பல்" எனக்குச் சரிப்படவில்லை. வித்துப் பரம்பல் என்று படித்து வளர்ந்த நமக்கு அது இயல்பாக வருவதுதான். ஆனால் இது கணித மாதிரியுரு பற்றிய கட்டுரை; புள்ளிவிபரவியலில் distribution என்பதையும் பரம்பல் என்றுதான் சொல்கிறோம். வெள்ளவத்தையில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும்போது, "பரம்பல் தூரம் செவ்வன் பரம்பலில் (normal distribution) அமையும்" என்று பலகையில் எழுதிவிட்டேன். "சேர், ரெண்டும் ஒரே பரம்பலா?" என்று பின்வாங்கிலிருந்து கேள்வி வந்தது. அன்றோடு விட்டேன்.

"கூட்டு இடப்பெயர்வு" அதைவிடக் கஷ்டம். நம் நாட்டில் அந்தச் சொல்லுக்கு முகாமும் நிவாரண அட்டையும்தான் நினைவுக்கு வரும். பற்றீரியாவை அதற்குள் இழுக்க மனம் வரவில்லை.

பொருள் இதுதான். உறவுக் குணகத்தை (இருவர் எவ்வளவு நெருங்கிய உறவு என்று காட்டும் எண்) பெறுபவரின் பயனால் பெருக்கி, அது கொடுப்பவரின் செலவை விஞ்சினால் ஒத்துழைப்பு நிலைக்கும் என்றார் கூர்ப்பு ஆய்வாளர் ஹமில்டன், 1964இல். அப்படியென்றால் எல்லோரும் பிறந்த இடத்திலேயே கிடந்தால் நல்லதுதானே? அக்கம்பக்கம் முழுக்க உறவு. ஆனால் இடத்துக்கும் இரைக்கும் போட்டிக்கு வருவதும் அதே உறவுகள்தாம். எளிய மாதிரியுரு ஒன்றில் உறவால் வரும் நன்மையும் போட்டியால் வரும் நட்டமும் சரிக்குச் சரி கழிந்துபோகும் என்று 1992இல் டெய்லர் கணக்குப் போட்டுக் காட்டினார். தனித்தனியாகப் போனால் போட்டி குறையும், உறவும் கலையும். கூட்டமாகப் போனால் உறவு கலையாது, போட்டியும் பெரும்பாலும் அயலாரோடுதான். ஒத்துழைப்பு கூர்ப்படைய இது வழிவிடும் என்று கார்ட்னரும் வெஸ்டும் 2006இல் காட்டினார்கள். பழைய ராணித் தேனீ வேலைக்காரத் தேனீக்களைக் கூட்டிக்கொண்டு கூட்டை விட்டுப் போகிறதே, அந்த மாதிரி.

ஆங்கிலத்தில் இதற்கு அரும்புதல் (budding) என்ற சொல்லையே வைத்திருக்கிறார்கள். நமக்கு அரும்புதல் என்றால் மதுவம் (yeast) பெருகுவதுதான்.

அதனால் "கிளைப்பெயர்வு" என்கிறேன். கிளை என்றால் மரத்தில் பிரிவது; கேளும் கிளையும் என்கிறபோது சுற்றம். பிரிவும் உறவும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. "தேனீக்கள் கிளைபெயர்ந்தன" என்று வினையாகவும் ஓடும். தனித்தனியாகப் போவதைத் தனிப்பெயர்வு என்றால், சமன்பாட்டில் கிளைப்பெயர்வு வீதம், தனிப்பெயர்வு வீதம் என்று இரண்டையும் குழப்பமில்லாமல் எழுதலாம். காலி வீதியிலிருந்து வங்கிக் கிளை மாறிப்போன மாதிரி இருக்கிறது என்று வீட்டில் சிரித்தார்கள். பரவாயில்லை.

ஒன்றுதான் உறுத்துகிறது. உறவே இல்லாதவை கலந்து ஒரு கூட்டமாகப் போனால், அதையும் கிளை என்பதா? அதற்கு வெறும் "கூட்டப்பெயர்வு" போதும் என்று நினைக்கிறேன். அக்கா, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?