ஓடேக்க சூடு, நிண்டால் குளிர்: பிக்கப் ஹீற்றர், சாரதிப் பக்கம் மட்டும்

நிஸ்குப்_பயணி

வணக்கம் எல்லாருக்கும். கனடாவில எட்மன்ரன், மில் வூட்ஸில இருக்கிறன். விடிய அஞ்சரைக்கு வெளிக்கிட்டு நிஸ்குவுக்கு வேலைக்குப் போறனான். வண்டி 2013 பிக்கப், வி8 எஞ்சின். எந்தக் கொம்பனி எண்டு சொன்னால் பாதிப்பேர் ஹீற்றரை விட்டிட்டு அதைப் பற்றித்தான் சண்டை பிடிப்பியள், அதால சொல்லேல்லை. போன கோடைக்குக் கைமாறி வாங்கினது. 2 லட்சத்துச் சொச்சம் கிலோமீற்றர் ஓடியிருக்கு.

பிரச்சினை இதுதான். ஹென்டே எண்ட ஹைவேயில 100இல ஓடேக்க நல்ல சூடு, ஜக்கெற்றைக் கழட்டலாம் போல இருக்கும். இறங்கி சிக்னலில நிண்டால் கொஞ்ச நேரத்தில என்ர பக்கத்துக் காத்து ஆறிப்போகுது. மற்றப் பக்கம் அப்பவும் இளஞ்சூடா வருது. மனிசி பக்கத்தில இருந்துகொண்டு "எனக்குச் சரியாத்தானே இருக்கு, உங்களுக்கு வயசு போகுது" எண்டுறா. திரும்ப அக்ஸிலேற்றரை அமத்தினால் சூடு வந்திடும். சூட்டு முள் நடுவில நிண்டால் நிண்டதுதான், அசையிறேல்லை. ஃபான் எல்லா ஸ்பீட்டிலையும் வேலை செய்யுது. கபின் ஃபில்ரர் புதுசு.

ஒரு கராஜில காட்டினன். ஹூட்டைத் திறக்காமலே "ஹீற்றர் கோர் போட்டுது, டாஷ்போர்ட் முழுக்கக் கழட்டோணும், 1,900 டொலர்" எண்டாங்கள். கோர் எண்டால் டாஷ்போர்டுக்குள்ள இருக்கிற சின்ன ரேடியேற்றர் மாதிரிச் சாமான், சூட்டுத் தண்ணி அதுக்குள்ள ஓடித்தான் காத்து சூடாகுது. இந்தக் கிழமை இஞ்ச மைனஸ் 31. அவ்வளவு காசைக் குடுக்க முதல் நான் ஏதும் பார்க்கலாமோ?

கோவை_டு_கால்கரி

ப்ரோ, ஒரு பக்கம் மட்டும் ஜில்லுன்னு வந்தா எனக்கு முதல்ல தோணுறது பிளெண்ட் டோர் ஆக்சுவேட்டர். டூயல் ஸோன் வண்டிதானே? சூடான காத்தையும் குளிர்ந்த காத்தையும் கலக்குற கதவு டாஷ்போர்டுக்குள்ள ரெண்டு பக்கத்துக்கும் தனித்தனியா இருக்கும். அதைத் திருப்புறது ஒரு சின்ன மோட்டார், உள்ளே எல்லாம் பிளாஸ்டிக் பல்சக்கரம். பல் உடைஞ்சா கதவு பாதியிலேயே நின்னுடும். ஸ்டார்ட் பண்றப்பவோ டெம்பரேச்சர் மாத்துறப்பவோ டாஷ்போர்டுக்குள்ள டக் டக்னு சத்தம் வருதா பாருங்க. என் வண்டியில அதான் ஆச்சு. பார்ட் விலை பெருசில்ல, ஸ்டியரிங்குக்குக் கீழ தலைகீழா படுத்து மாட்டுனதுலதான் முதுகு போச்சு.

இங்க நாளைக்கு ஷினூக் காத்து வருதாம், பிளஸ் 6. சும்மா சொல்லி வைக்கிறேன்.

நிஸ்குப்_பயணி

நன்றி. அந்தப் பிளஸ் 6ஐ நீங்களே வைச்சிருங்கோ. டூயல் ஸோன்தான், ஆனால் டக் டக் சத்தம் ஒண்டும் இல்லை. ஓடேக்க என்ர பக்கத்தைக் குளிராக்கி, திரும்பச் சூடாக்கிப் பார்த்தன். காத்து உடன மாறுது.

சஸ்கற்றூன்_ரக்கர்

அண்ணை, தேர்மோஸ்ரற்றை மாத்திப் பாருங்கோ, எஞ்சின் சூடாகும்வரைக்கும் ரேடியேற்றருக்குத் தண்ணி போகாமல் மறிக்கிற வால்வு அது, மலிவான சாமான். எனக்கு அது திறந்தபடி இறுகி, சஸ்கற்றூனில இருந்து ரெஜைனா போய்ச் சேரும்வரைக்கும் கால் விறைச்சது. வழியில ரேடியேற்றருக்கு முன்னால பாதிக்கு மட்டை வைச்சுக் கட்டித்தான் ஓடினனான். முழுக்க மறைச்சிடாதேங்கோ, முள்ளிலையும் கண் வைச்சிருங்கோ.

பழைய_ஸ்பானர்

தம்பி நிஸ்கு, நீர் எழுதினதிலையே பாதி விடை கிடக்கு.

முதல்ல சஸ்கற்றூன் தங்கச்சி சொன்னதுக்கு. தேர்மோஸ்ரற் திறந்தபடி நிண்டால் கதை மறுவளமா இருக்கும். பெரிய றோட்டில குளிர்காத்து ரேடியேற்றரை அடிச்சு எஞ்சினே ஆறிப்போகும், ரவுணுக்குள்ள ஊர்ந்து போகேக்க சூடு வரும். அப்பிடி எண்டால் எஞ்சின் போதியளவு சூடாகேல்லை எண்டு வண்டிக் கம்ப்யூட்டர் காட்டுற பி0128 எண்ட எச்சரிக்கைக் கோட்டும் பெரும்பாலும் விழும். இவருக்கு ஓடேக்க சூடு, நிக்கேக்க குளிர்.

கோவைத் தம்பி சொன்ன மோட்டரும் நல்ல ஊகம்தான், ஆனால் எஞ்சின் எவ்வளவு வேகமாச் சுத்துது எண்டு அந்த மோட்டருக்குத் தெரியாது. அக்ஸிலேற்றரோட வந்து போற சூடு எண்டால் அது தண்ணி ஓட்டத்தின்ர பிரச்சினை. வோட்டர் பம்பைச் சுத்துறது எஞ்சின். ஐடிலில பம்ப் மெதுவாச் சுத்தும், ஹீற்றர் கோருக்குள்ள போற கூலன்ற் குறையும். வழியில அடைப்போ காத்தோ இருந்தால் அந்தக் குறைஞ்ச ஓட்டமும் நிண்டுபோகும்.

விடிய எஞ்சின் பச்சைத்தண்ணியாக் குளிர்ந்து கிடக்கேக்க கூலன்ற் மட்டத்தைப் பாரும். ரேடியேற்றரில மூடி இருந்தால் அதையும் திறந்து பாரும். தாங்கியில கோட்டுக்குச் சரியா நிண்டும் ரேடியேற்றர் குறைஞ்சிருந்த வண்டியள் என்ர கையால கனக்கப் போயிருக்கு. சுடுற எஞ்சினில மட்டும் மூடியைத் தொடாதையும். ஸ்ரார்ட் பண்ணினவுடன டாஷ்போர்டுக்குப் பின்னால தண்ணி களகளவெண்டு ஓடுற சத்தம் கேட்டால் உள்ளுக்குக் காத்து நிக்குது.

பிறகு எஞ்சினை நல்லாச் சூடாக்கி, ஹீற்றரை முழுச் சூட்டில விட்டு, ஃபானைக் குறைச்சு வையும். எஞ்சினுக்கும் கபினுக்கும் நடுவில இருக்கிற தகட்டுக்குள்ள ரெண்டு ரப்பர் ஹோஸ் போகும், அதுதான் ஹீற்றர் ஹோஸ். ஒண்டில சூட்டுத் தண்ணி உள்ள போகுது, மற்றதில வெளிய வருது. தொடாமலே குறி வைச்சு அளக்கிற இன்ஃப்ராரெட் வெப்பமானி ஹார்ட்வெயார் கடையில கிடக்கும், அதால ரெண்டையும் அளவும். ஐடிலில ஒருக்கா, நிமிசத்துக்கு 2,000 சுத்தில ஒருக்கா. ரெண்டும் நல்லாச் சுட்டும் காத்து குளிர் எண்டால் கதவு மோட்டர். ரெண்டும் இளஞ்சூடு எண்டால் தேர்மோஸ்ரற், இல்லாட்டி காத்து, இல்லாட்டி பம்பின்ர இலை தேஞ்சிருக்கு. ஒண்டு சுட்டு மற்றது ஆறிக் கிடந்தால் கோர் அடைப்பு. 10, 15 பாகை வித்தியாசம் வழமை, அதுக்குப் பயப்பிட வேண்டாம்.

முள்ளை நம்பாதையும். இப்பத்தை வண்டியளில எஞ்சின் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் முள்ளு நடுவிலயே நிக்கிற மாதிரித்தான் செய்து வைச்சிருக்கிறான். வண்டிக் கம்ப்யூட்டரை வாசிக்கிற ஓபிடி ரீடர் ஒண்டைச் செருகி உண்மையான பாகையைப் பாரும்.

கராஜ்க்காரன் கோர் எண்டு சொன்னது பிழையா இருக்கோணும் எண்டில்லை. ஆனால் அடைபட்ட கோர் வேற, ஓட்டை விழுந்த கோர் வேற. ஓட்டை எண்டால் இனிப்பு மணம் வரும், கண்ணாடியில எண்ணெய்ப் படலம் மாதிரி மூடும், பக்கத்து சீற்றுக்குக் கீழ கார்ப்பெற் நனையும். இதில ஒண்டும் இல்லாமல் டாஷ்போர்டைக் கழட்ட விடாதையும்.

நிஸ்குப்_பயணி

அண்ணை, அளந்தாச்சு. ஐடிலில ஒரு ஹோஸ் 83, மற்றது 46. 2,000இல 86க்கு 64. ரீடரில எஞ்சின் 91. மட்டம் சரி, களகளச் சத்தம் இல்லை, இனிப்பு மணமும் இல்லை, கார்ப்பெற் காய்ஞ்சு கிடக்கு. ஆனால் தாங்கிக்குள்ள ரோர்ச் அடிச்சுப் பார்த்தால் அடியில மண்ணிறத் தூள். கூலன்ற் பழைய தேத்தண்ணி நிறத்தில இருக்கு.

பழைய_ஸ்பானர்

பிறகென்ன, அடைப்புத்தான். முந்தி வைச்சிருந்தவர் ஒழுக்கு நிப்பாட்டுற மருந்தை ஊத்தியிருப்பார், இல்லாட்டி ஒவ்வாத ரெண்டு வகைக் கூலன்றைக் கலந்திருப்பார். மருந்துக்கு எது ஓட்டை, எது கோரின்ர மெல்லிய குழாய் எண்டு தெரியாது. ஒரு பக்கம் மட்டும் குளிருறதும் இதாலதான். சில வண்டியளில ரெண்டு பக்கத்துக்கும் ஒரே கோர், தண்ணி குறையக் கடைசி மூலை முதல்ல ஆறும்.

கழுவிப் பாரும். ஆனால் மைனஸ் 31இல ட்ரைவ்வேயில நிண்டு செய்யாதையும், தோட்டக் குழாயே உறைஞ்சுபோம். சூடாக்கின கராஜ் உள்ள சிநேகிதன் ஆரையும் பிடியும். எஞ்சின் ஆறினாப் பிறகு ரெண்டு ஹோஸையும் கழட்டும். இழுத்துத் திருகாதையும், கோரின்ர அலுமினியக் குழாய் வளைஞ்சால் அப்பத்தான் உண்மையா டாஷ்போர்ட் கழட்ட வேணும். ஒட்டிப் பிடிச்சால் ஹோஸை வெட்டிப்போட்டுப் புதுசு போடுறது மலிவு. சில வண்டியளில அந்த இடத்தில ப்ளாஸ்ரிக் கனெக்டர் இருக்கும், பழசெண்டால் கை பட முறியும், புதுசு வாங்கி வைச்சுக்கொண்டு தொடங்கும்.

வெளிய வாற பக்கத்தால தண்ணியை விட்டு, உள்ள போற பக்கத்தால ஊத்தை வர விடும். குழாயை முழுக்கத் திறக்காதையும். தெளிவா வந்தாப் பிறகு திசையை மாத்தும், பிறகு திரும்ப மாத்தும். முடிவில கோருக்குள்ள நிக்கிற தண்ணியைக் குறைஞ்ச அமுக்கக் காத்தால தள்ளி எடும். அது உள்ளுக்கு உறைஞ்சால் கோர் வெடிக்கும்.

ரேடியேற்றரையும் வடிச்சுப்போட்டுக் கைநூலில சொன்ன வகையை மட்டும் விடும். தண்ணியோட பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 வரைக்கும் தாங்கும். உங்கட ஊருக்குக் கூலன்ற் 60 வீதம் போடும், மைனஸ் 50 தாண்டியும் நிக்கும். கூடப் போட்டால் இன்னும் நல்லது எண்டு நினைக்காதையும். கூலன்றில இருக்கிற கிளைக்கோல் தண்ணி கலக்காமல் தனிய எண்டால் மைனஸ் 13இலயே உறையும்.

கடைசியாக் காத்து எடுக்கிறது. முன்பக்கத்தைச் சரிவில ஏத்தி நிப்பாட்டி, மூடி திறந்தபடி, ஹீற்றர் முழுச் சூட்டில, தேர்மோஸ்ரற் திறக்கும்வரைக்கும் ஐடிலில விடும். குமிழி நிண்டு மட்டம் இறங்க இறங்க ஊத்தும். குமிழி நிக்காமலே வந்துகொண்டிருந்தால் எனக்கு எழுதும். அது எஞ்சினுக்கும் அதின்ர ஹெட்டுக்கும் நடுவில இருக்கிற ஹெட் காஸ்கெற் போனதாவும் இருக்கலாம்.

நிஸ்குப்_பயணி

லெடுக்கில ஒரு சிநேகிதன்ர கராஜில சனிக்கிழமை செய்தம். முதல்ல வந்த தண்ணியைப் பார்த்து அவன் "இது கூலன்றோ குழம்போ" எண்டான். திசை மாத்தேக்கதான் தூள் கட்டி கட்டியா விழுந்தது. இப்ப ஐடிலில 84க்கு 70. சிக்னலில நிண்டாலும் என்ர பக்கம் சூடு வருது, மற்றப் பக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவுதான், ஆனால் கையுறை இல்லாமல் ஸ்ரியரிங் பிடிக்கலாம். குமிழி நிண்டிட்டுது. பழைய கூலன்ற் பக்கெற்றில கிடக்கு, அதை என்ன செய்யிறது?

சஸ்கற்றூன்_ரக்கர்

வடிகானுக்குள்ள மட்டும் ஊத்திப்போடாதேங்கோ அண்ணை. இனிப்பெண்டு நாய் பூனை நக்கும், கொஞ்சமே போதும் சாக. எட்மன்ரனில எக்கோ ஸ்ரேஷன் எண்ட கழிவு நிலையத்தில வாங்குவினம், மூடியுள்ள கலனில கொண்டு போங்கோ.

பழைய_ஸ்பானர்

ஓம், அங்க குடும். மற்றது, ஒரு மாசம் ஓடினாப் பிறகு திரும்ப அளந்து பாரும். எஞ்சினுக்குள்ள மிஞ்சின தூள் கழண்டு திரும்பக் கோருக்குத்தான் வரும். 46 பக்கம் இறங்கினால் இன்னொருக்காக் கழுவும்.

கோவை_டு_கால்கரி

அண்ணா, என் வண்டியிலயும் தாங்கியை எட்டிப் பார்த்தேன். தேத்தண்ணி நிறம்தான். ஷினூக் போறதுக்குள்ள வெளியில வச்சே கழுவிடலாமா?

பழைய_ஸ்பானர்

முதல்ல ஹோஸ் ரெண்டையும் அளவும் தம்பி.